மிச்சமான பெயின்ட்டை சாக்கடையில் ஊற்றலாமா? பரண் மேல் கிடக்கும் டப்பாவை என்ன செய்வது?

பொங்கலுக்கோ, வீட்டுக் கல்யாணத்துக்கோ பெயின்ட் அடித்த பிறகு அரை டப்பா மிஞ்சாத வீடு உண்டா? 'டச்சப்புக்கு ஆகும்' என்று பரணில் ஏற்றிவிடுவோம். நாலு வருஷம் கழித்து இறக்கினால் மேலே ஆடை கட்டியிருக்கும்.

அடுத்து நடப்பதுதான் சிக்கல். உள்ளே இருப்பதைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு, டப்பாவைப் பழைய இரும்புக் கடையில் போடுகிறோம். பிளாஸ்டிக் பக்கெட் என்றால் கழுவி பாத்ரூமுக்கு. டப்பாவுக்கு விலை இருக்கு. உள்ளே இருக்கும் பெயின்ட்டுக்குத்தான் போக இடம் இல்லை!

செவிலிமேட்டில் இது ஏன் முக்கியம்?

காஞ்சிபுரம் மாநகராட்சியில் உள்ள செவிலிமேடு, பாலாற்றங்கரை ஊர். கால்வாயில் ஊற்றியது மழையோடு ஆற்றுப் பக்கம் இறங்கினால், மணலில் ஊறும் தண்ணீரும் கெடும். பட்டு நூல் சாயக் கழிவு தண்ணீரை என்ன செய்யும் என்று காஞ்சிபுரத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சாயப்பட்டறையைக் கேள்வி கேட்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இருக்கு. வீட்டுக்கு வீடு ஊற்றும் அரை லிட்டரை யார் கணக்கெடுப்பது?

எல்லா பெயின்ட்டும் ஒன்றா?

இல்லை. சுவருக்கு அடிக்கும் எமல்ஷன், தண்ணீர் கலந்தது. கதவு, கிரில்லுக்கு அடிக்கும் எனாமல், வார்னிஷ், அதில் கலக்கும் தின்னர் எல்லாம் எளிதில் தீப்பிடிப்பவை.

பழைய டப்பாவில் இன்னொரு ஆபத்து, ஈயம். வீட்டு பெயின்ட்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்ற மத்திய அரசின் விதி, 2017 நவம்பர் 1 முதல்தான் அமலுக்கு வந்தது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இதில் பாதுகாப்பான அளவு என்று எதுவுமே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

சட்டம் என்ன சொல்கிறது?

2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள், தூக்கிப்போடும் பெயின்ட் டப்பாவை 'வீட்டு அபாயக் கழிவு' பட்டியலில் வைத்தன. 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு சேகரிப்பு மையம் அமைக்க வேண்டும் என்றும் கூறின. அதற்குப் பதிலாக வந்த 2026 விதிகளில், குப்பையை நான்காகப் பிரிக்க வேண்டும். மக்கும் குப்பை, மக்காத குப்பை, நாப்கின் போன்ற சுகாதாரக் கழிவு போக, நான்காவதான 'சிறப்புக் கவனக் கழிவில்' பெயின்ட் டப்பா வருகிறது.

வெளிநாடுகளில் எப்படி?

அமெரிக்காவின் ஓரிகன் மாகாணம் 2009-ல் இதற்கென்றே சட்டம் போட்டது. புது டப்பா வாங்கும்போதே சிறு கட்டணம் வசூலித்து, அந்தப் பணத்தில் மிச்ச பெயின்ட்டைத் திரும்பச் சேகரிக்கிறார்கள். நல்ல எமல்ஷனை நிறம் பிரித்து, கலந்து, வடிகட்டி மறுபடி பெயின்ட்டாக விற்கிறார்கள். ஆஸ்திரேலியாவிலும் 2016-ல் இதேபோல ஒரு திட்டம் தொடங்கியது. நம் காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஸ்ரீபெரும்புதூரிலேயே பெரிய பெயின்ட் ஆலைகள் இருக்கின்றன. ஆனால் மிச்சத்தைத் திரும்ப வாங்க, நாடு தழுவிய திட்டம் இந்தியாவில் இல்லை.

நீங்க என்ன செய்யலாம்?

* கிளறிப் பாருங்க. எமல்ஷன் கட்டியில்லாமல் கலந்து, நாற்றம் அடிக்காமல் இருந்தால் நல்ல பெயின்ட்தான். மிச்ச எமல்ஷன்களை ஒன்றாகக் கலந்து துணியில் வடிகட்டினால் காம்பவுண்ட் சுவர், மாடிப்படிக்கு ஆகும். எனாமலை இதோடு சேர்க்காதீங்க.

* கெட்டுப்போன எமல்ஷனில் மணலோ மரத்தூளோ கலந்து, குழந்தைகள் கைபடாத, காற்றோட்டமான இடத்தில் இறுக விடுங்க.

* எனாமல், தின்னரை மூடி இறுக்கி, அடுப்புக்குத் தள்ளி வையுங்க. 2017-க்கு முந்தைய டப்பா என்றால் மறுபடி அடிக்கவே வேண்டாம்.

* இறுகிய பெயின்ட், எனாமல் டப்பா எதையும் மற்ற குப்பையோடு கலக்காமல், 'பெயின்ட்' என்று எழுதி ஒட்டித் தனியாகக் கொடுங்க. எங்கே, எந்த நாளில் வாங்குவார்கள் என்று மாநகராட்சியிடம் கேளுங்க. கேட்பவர்கள் கூடினால்தான் மையமும் வரும்.

* போகியன்று டப்பாவைத் தீயில் போடாதீங்க. பழைய பெயின்ட் பக்கெட்டில் குடிதண்ணீர் பிடிக்காதீங்க.

எல்லாவற்றுக்கும் முன்னால், அடுத்த முறை பெயின்டரிடம் சுவரை அளக்கச் சொல்லிவிட்டு வாங்குங்க. 'எதற்கும் இருக்கட்டும்' என்று கூடுதலாக வாங்கும் அந்த ஒரு டப்பாதான் பரணுக்குப் போகிறது.