செம்மரத்தின் தண்டில் வைரம் பாய்வது எப்படி?

திருப்பதி: திருப்பதி, சித்தூர் வட்டார மலைக்காடுகளில் வெட்டப்படும் செம்மரத்தின் பட்டையும் வெளிர்நிறக் கட்டையும் பெரும்பாலும் காட்டிலேயே செதுக்கி எறியப்படுகின்றன. கடத்தல்காரர்கள் சுமந்து செல்வது நடுவில் உள்ள சிவந்த வைரத்தை மட்டுமே. அந்த வைரம் உருவாகும் விதத்தைப் புரிந்துகொள்ள, மரத்தண்டின் அமைப்பை அறிய வேண்டும்.

தண்டின் வெளியே உலர்ந்த பட்டை உள்ளது. செம்மரத்தில் இது முதலைத் தோல்போல் கட்டம் கட்டமாக வெடித்திருக்கும். அதற்கு உள்ளே, இலைகளில் தயாராகும் உணவைக் கொண்டுசெல்லும் புளோயம் திசுவும், அதனை ஒட்டி கேம்பியம் என்னும் மெல்லிய வளர்திசுவும் அமைந்துள்ளன. கேம்பியம் வெளிப்புறம் புளோயத்தையும் உள்புறம் நீர் கடத்தும் சைலத்தையும் உண்டாக்குகிறது. மரம் பருப்பது இதனால்தான். உயரம் கூடுவதோ நுனி மொட்டுகளில் மட்டுமே நிகழ்கிறது. ஆகவே, மார்பளவு உயரத்தில் அடித்த ஆணி, மரம் எவ்வளவு வளர்ந்தாலும் அதே உயரத்திலேயே இருக்கும்.

புதிதாக உருவாகும் சைலம் சாற்றுக்கட்டை எனப்படும். வேர் உறிஞ்சும் நீர் இதன் வழியாகவே இலைகளைச் சென்றடைகிறது. தண்டு பருக்கப் பருக்க, நடுப்பகுதியில் எஞ்சியிருந்த உயிருள்ள செல்களும் மடிகின்றன. மடியும் முன், அவற்றில் சேமிக்கப்பட்ட மாவுச்சத்து முதலியவை நிறமிகளாகவும் பிற வேதிப்பொருள்களாகவும் மாறிக் கட்டையில் படிகின்றன. செம்மரத்துக்குச் சிவப்பைத் தரும் சாண்டலின் என்ற நிறமி அவ்வாறு சேர்வதே. இந்த வைரக்கட்டை நீரைக் கடத்துவதில்லை. மரத்தைத் தாங்கி நிற்பதே அதன் பணி. நன்கு முதிர்ந்த கட்டை நீரில் மூழ்கும் அளவுக்குக் கனமானது.

தென்னை, பனை ஆகியவற்றில் கேம்பியம் இல்லை. அவற்றின் உறுதி வெளிப்புறத்திலும் மென்மை உள்ளேயும் இருக்கும். வெளியே வைரம் உள்ளவற்றைப் புல் என்றும், உள்ளே வைரம் உள்ளவற்றை மரம் என்றும் தொல்காப்பிய மரபியல் பிரித்திருப்பது இங்கு நினைக்கத்தக்கது.

கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியே செம்மரத்தின் இயல்பான வாழிடம். ஜப்பானின் ஷாமிசென் இசைக்கருவிக்கும் சீனாவின் உயர்ரக மரச்சாமான்களுக்கும் இதன் கட்டை விரும்பப்படுகிறது. அலையலையான வரிகள் கொண்ட கட்டைக்கு விலை அதிகம். 1995 முதல் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இம்மரம் இடம்பெற்றுள்ளது. மரத்தின் உயிரற்ற ஒரு பகுதிக்காக மனித உயிர்களும் பலியாகியுள்ளன. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் வனப்பகுதியில் ஆந்திர போலீசார் நடத்திய துப்பாக்கிச் சூட்டில் தமிழகத்தைச் சேர்ந்த 20 தொழிலாளர்கள் உயிரிழந்தனர். தற்காப்புக்காகச் சுட்டதாக போலீசார் கூறியதை மனித உரிமை அமைப்புகள் ஏற்கவில்லை.

வெட்டப்பட்ட செம்மரத்தின் அடிக்கட்டை மீண்டும் துளிர்க்கக் கூடியது. ஆனால் அந்தத் துளிர் தண்டாகிப் பருத்தாலும், தொடக்க ஆண்டுகளில் அதனுள் இருப்பது பெரும்பாலும் வெளிர்நிறச் சாற்றுக்கட்டையே. விலைபோகும் அளவுக்கு வைரம் பாய 20 ஆண்டுகளுக்கும் மேல் ஆகும்.