மூடியைத் திறக்கும் முன்

1967ஆம் ஆண்டு ஜெர்மனியின் மார்பர்க், பிராங்க்பர்ட் நகரங்களிலும் யூகோஸ்லாவியாவின் பெல்கிரேடிலும் ஆய்வகப் பணியாளர்கள் கடும் காய்ச்சலில் விழுந்தார்கள். உகாண்டாவிலிருந்து வந்த குரங்குகளின் ரத்தத்தையும் திசுக்களையும் கையாண்டவர்கள் அவர்கள். சிகிச்சை அளித்தவர்களையும் நோய் தொற்றியது. பாதிக்கப்பட்ட 31 பேரில் 7 பேர் இறந்தனர். அதுவரை யாரும் அறியாத அந்த வைரஸுக்கு மார்பர்க் என்றே பெயர் வைத்தார்கள்.

இன்றும் ஆய்வகத்துக்கு வரும் எந்தக் குழாயில் எந்தக் கிருமி இருக்கிறது என்பது முன்கூட்டித் தெரியாது. சர்க்கரை அளவு பார்க்க வந்த ரத்தத்திலும் ஹெபடைடிஸ் பி இருக்கலாம். ஆகவே, வருகிற ஒவ்வொரு மாதிரியையும் தொற்றுள்ளதாகவே கருத வேண்டும் என்பது ஆய்வகங்களின் முதல் விதி.

காசநோய்ப் பரிசோதனைக்கு வரும் சளியை எடுத்துக்கொள்வோம். வெளியூரிலிருந்து வரும் மாதிரிக்கு மூன்று அடுக்குப் பாதுகாப்பு உண்டு: திருகு மூடி போட்ட டப்பா, கசிந்தாலும் உறிஞ்சிக்கொள்ளும் பொருள் வைத்த இரண்டாவது உறை, அதற்கு மேல் உறுதியான பெட்டி. டப்பாவைத் திறக்கும்போதும் குலுக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகள் கிளம்பும். மூச்சோடு உள்ளே போய் நோயைத் தருபவை அவைதான்.

அதனால்தான் ஆபத்தான வேலைகளை பயோசேஃப்டி கேபினெட்டுக்குள் செய்கிறார்கள். முன்பக்கக் கண்ணாடிக்குக் கீழே கை நுழையும் அளவுக்கு இடைவெளி. அறைக் காற்று அந்த வாசலில் உள்ள சல்லடைத் துளைகள் வழியே உள்ளே இழுக்கப்படும். மேலிருந்து வடிகட்டிய காற்று வேலை செய்யும் இடத்தின் மீது இறங்கும். வெளியேறும் காற்று ஹெப்பா வடிகட்டியைத் தாண்டித்தான் போக வேண்டும். 0.3 மைக்ரான் அளவுத் துகள்களில் 99.97 சதவீதத்தை அது பிடித்துவிடும். ஆனால் டெக்னீஷியன் கையை வேகமாக வீசினாலோ, சல்லடை மேல் ஒரு காகிதத்தை வைத்தாலோ காற்றோட்டம் குலைந்துவிடும். அங்கே நிதானமும் ஒரு கவசம்.

மாதிரியை வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃப்யூஜில் குழாய் உடைந்தால் உடனே திறக்கக் கூடாது. இயந்திரத்தை நிறுத்தி, துளிகள் அடங்க அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். திரவத்தை எடுக்க ஒரு காலத்தில் வாயால் உறிஞ்சிய பைப்பெட்டை இன்று வாயருகே கொண்டுபோகவே அனுமதி இல்லை.

வேலை முடிந்ததும் கழிவை அப்படியே வெளியே அனுப்ப முடியாது. கிருமி வளர்த்த தட்டுகளை ஆட்டோகிளேவில் 121 டிகிரி செல்சியஸ் நீராவியில் வேகவைத்து அழிக்கிறார்கள். இந்தியாவில் 2016ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகளின்படி, இத்தகைய ஆய்வகக் கழிவை அந்த இடத்திலேயே முதலில் கிருமிநீக்கம் செய்தாக வேண்டும். ஊசிகள், துளைக்க முடியாத வெள்ளைக் கலனுக்குப் போகும்.

இந்தப் பாதுகாப்பு நோயாளியின் கையிலிருந்தே தொடங்குகிறது. சளி கொடுக்கச் சொன்னால் ஆட்கள் இல்லாத திறந்த வெளியில் நின்று கொடுங்கள். மூடியை இறுகத் திருகி, டப்பாவின் வெளிப்புறம் ஈரமில்லாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஒப்படையுங்கள்.