இன்னும் எத்தனை கிலோமீட்டர்?

சென்ற ஆண்டு ஆனி மாதத்தில் ஓர் இரவு. தங்கச்சிமடத்தில் நாம் விருந்தினராகத் தங்கியிருந்த வீட்டிற்கு மதுரையிலிருந்து தொலைபேசிச் செய்தி வந்தது. பிரசவத்திற்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்த மகளுக்கு உடனே அறுவைச் சிகிச்சை செய்யவேண்டுமாம். அவளுடைய இரத்தப் பிரிவு எளிதில் கிடைக்காதது. தாய்மாமனுக்கு அதே பிரிவு. அடுத்த வீட்டு இளைஞர் தம் காரை எடுத்து வந்தார். பெற்றோர், தாய்மாமன், நாம், காரோட்டி என ஐவர் புறப்பட்டோம்.

மதுரை ஏறத்தாழ 160 கிலோமீட்டர். காரின் முகப்பில், கைவசமுள்ள பெட்ரோலைக் கொண்டு இன்னும் 190 கிலோமீட்டர் ஓடலாம் என்று எண் ஒளிர்ந்தது. 30 கிலோமீட்டர் மிச்சம் என்று நாமும் மனக்கணக்குப் போட்டுத் திருப்தியடைந்தோம். விசைப்படகு ஓட்டிப் பழகிய தாய்மாமன் மட்டும் முன்னிருக்கையிலிருந்து எட்டிப் பார்த்து, “தம்பி, டேங்க்ல எத்தனை லிட்டர் கிடக்கு?” என்று கேட்டார்.

“லிட்டர் எதுக்கு மாமா? 190 கிலோமீட்டர் ஓடும்னு வண்டியே சொல்லுதே!”

பாம்பன் பாலத்தில் ஏறியதும் கச்சான் காற்று காரை உலுக்கியது. 1988-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அந்தச் சாலைப் பாலத்தின் 2 கிலோமீட்டருக்கும் சற்று மேற்பட்ட தூரத்தில், கைப்பிடிச் சுவரைத் தவிர காற்றுக்குத் தடையேதும் இல்லை. இராமநாதபுரத்தை அடைந்தபோது எண் 120. நாம் ஓடியது 45 கிலோமீட்டர். எண் இறங்கியதோ 70. பரமக்குடியில் 62, மதுரைக்கு இன்னும் 75 கிலோமீட்டர் இருந்தது. வேறு வழியின்றி ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தி, உறங்கிக்கொண்டிருந்த ஊழியரை எழுப்பிப் பெட்ரோல் போட்டுக்கொண்டு கிளம்புவதற்குக் கால்மணி நேரம் ஆயிற்று. பின்னிருக்கையில் அந்தத் தாய் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

கார் பொய் சொல்லிற்றா? இல்லை. தனக்குத் தெரிந்ததைச் சொல்லிற்று. அதற்கு என்ன தெரியும் என்பதை நாம்தான் விசாரிக்கவில்லை.

பெட்ரோல் டேங்கினுள் ஒரு மிதவை இருக்கிறது. பெட்ரோல் குறையக் குறைய அது தாழும். அதனுடன் இணைந்த கம்பி, மின்தடை ஒன்றின்மீது நகரும். அந்த மின்தடையின் அளவைக் கொண்டு எத்தனை லிட்டர் மீதமுண்டு என்று காரிலுள்ள சிறு கணிப்பொறி அறிகிறது. டேங்க் நேரான பெட்டியாக இருப்பதில்லை. இருக்கைக்கு அடியில் கிடைத்த இடத்திற்கேற்ப வளைந்து நெளிந்திருக்கும். வளைவிலும் மேட்டிலும் பெட்ரோல் ஒருபுறம் சாயும். ஆகவே ஒரு கணத்தின் அளவை நம்பாமல், சிறிது நேரத்துச் சராசரியையே எடுத்துக்கொள்ளுமாறு அமைத்திருக்கிறார்கள்.

லிட்டர் தெரிந்தால் போதாது. ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதும் தெரியவேண்டும். எஞ்சினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் குழல்வாய் ஒவ்வொரு முறையும் ஆயிரத்தில் எத்தனை வினாடி திறந்திருந்தது என்பது கணிப்பொறிக்குத் தெரியும். ஆகவே செலவான பெட்ரோலும் தெரியும். சக்கரங்களின் சுழற்சி ஓடிய தூரத்தைச் சொல்லிவிடுகிறது. இரண்டையும் வகுத்தால் மைலேஜ். அதை மீதமுள்ள லிட்டரால் பெருக்கினால் முகப்பில் ஒளிரும் எண். பள்ளிச் சிறுவனும் போடக்கூடிய கணக்குத்தான்.

ஆனால் அந்த மைலேஜ் எந்தப் பயணத்தினுடையது? ஏற்கெனவே ஓடி முடித்த பயணத்தினுடையது! முந்தின நாள் அந்த இளைஞர் மதுரையிலிருந்து தனியாக, மணிக்கு 65 கிலோமீட்டர் வேகத்தில், கச்சானை முதுகில் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். லிட்டருக்கு 19 கிலோமீட்டர் கிடைத்திருக்கிறது. டேங்கில் எஞ்சியது 10 லிட்டர், ஆகவே 190. நம் இரவோ வேறு. ஐந்து பேர், குளிர்சாதனம், மணிக்கு 95 கிலோமீட்டர் வேகம், முகத்தில் கச்சான்.

காற்றின் தடை, வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வது. காற்றின் வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர் என்றே வைத்துக்கொள்வோம். முந்தின நாள் கார் எதிர்கொண்ட காற்று 65-இல் 20 போக 45. அன்றிரவு 95-உடன் 20 சேர்ந்து 115. இவ்விரண்டையும் இருமடியாக்கி ஒப்பிட்டால் தடை 6 மடங்கிற்கும் மேல். பெட்ரோல் செலவு முழுவதும் காற்றுக்கே போவதில்லை. டயரின் உராய்வுக்கும் எஞ்சினின் சொந்தச் செலவுக்கும் போவது உண்டு. ஆகவே மைலேஜ் 6-இல் ஒரு பங்காகிவிடவில்லை. 19 என்பது 13 ஆயிற்று. காற்று எத்திசையில் வீசுகிறது என்றோ, நாம் இராமேஸ்வரம் போகிறோமா மதுரைக்குப் போகிறோமா என்றோ அக்கணக்கில் இடமே இல்லை. ஓடஓடத்தான் கணிப்பொறி தன் சராசரியைத் திருத்திக்கொண்டது. அதற்குள் நாம் பரமக்குடிக்கு வந்துவிட்டோம்.

வாடைக்காலத்தில் இதே சாலையில் கணக்கு ஏறக்குறைய தலைகீழாகும். மதுரையிலிருந்து தனுஷ்கோடிக்கு விருந்தினரை அழைத்துப் போகிறவர்கள் இதை நினைவில் வைப்பது நலம். இராமேஸ்வரம் நகரைத் தாண்டி அரிச்சல்முனை வரை 20 கிலோமீட்டருக்கு மேல். இருபுறமும் கடலும் மணலும்தான். போவது போலவே திரும்பியும் வரவேண்டுமல்லவா?

எண் சுழியைத் தொட்ட பின்னும் சில லிட்டர் ஒளித்துவைத்திருப்பார்கள் என்று சிலர் தைரியம் சொல்வதுண்டு. பல கார்களில் அது உண்மையே. ஆயினும் எவ்வளவு என்பது காருக்குக் கார் வேறுபடும். மேலும், டேங்கினுள் மூழ்கியிருக்கும் மின் பம்பைக் குளிர்விப்பதும் அந்தப் பெட்ரோல்தான். அடிமட்டம் வரை ஓட்டும் பழக்கம் பம்பையே கெடுத்துவிடும்.

எண்ணில் ஏமாந்தவர்கள் நாம் மட்டுமல்லர். 1983 ஜூலை 23-ஆம் நாள் கனடாவில் ஒரு போயிங் 767 விமானம் எரிபொருள் மானிகள் பழுதான நிலையில் புறப்பட்டது. டேங்கில் இருந்ததை அளவுகோல் கொண்டு சரியாகவே அளந்தார்கள். லிட்டரைக் கிலோகிராமாக மாற்றும்போது மட்டும் பவுண்டிற்குரிய எண்ணால் பெருக்கிவிட்டார்கள். தேவையில் பாதிக்கும் குறைவான எரிபொருளோடு பறந்த விமானம், 41,000 அடி உயரத்தில் எஞ்சின்கள் அணைந்து, கிம்லி என்ற ஊரின் பழைய விமானத்தளத்தில் சறுக்கி இறங்கியது. உயிர்ச்சேதம் இல்லை. விமானத்திலிருந்த கணிப்பொறியோ, தனக்குக் கொடுக்கப்பட்ட தவறான எண்ணிலிருந்து மிகச் சரியாகக் கழித்துக்கொண்டே வந்திருந்தது!

மதுரையை அடைந்தபோது மணி இரண்டரை. தாய்மாமன் இரத்தம் கொடுத்தார். விடியுமுன் பெண் குழந்தை பிறந்தது; தாயும் நலம்.

மறுவாரம் அதே காரில் திரும்பினோம். காற்று இப்போது முதுகில். மானாமதுரையைத் தாண்டிய பின்னும் முகப்பு எண் 210-ஐ விட்டு இறங்கவே இல்லை. இளைஞர் பெருமையோடு அதைச் சுட்டிக்காட்டினார். “அது கிடக்கட்டும் தம்பி,” என்றார் தாய்மாமன். “லிட்டர் எத்தனை?”