தாராவிப் பைக்கு ஒரு பெயர்

மும்பை தாராவியின் பிரதான சாலையோரம் வரிசையாகத் தோல் கடைகள். பையை எடுத்துத் திருப்பிப் பாருங்கள், தையல் பிசகியிருக்காது. ஆனால் செய்தவரின் பெயர் இருக்காது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த தமிழர்கள் தோல் பதனிட்டு வளர்த்த தொழில் இது. உழைப்பு இங்கே, முத்திரையும் லாபமும் பெரும்பாலும் வேறெங்கோ.

2015இல் மகாராஷ்டிரம் காளை, எருதுகளை வெட்டவும் தடை விதித்ததும் பலருக்கு வேலை போயிற்று. சுதீர் ராஜ்பர் என்ற ஓவியர் அவர்களோடு சேர்ந்து, மறுசுழற்சி ரப்பரில் பைகள் செய்யத் தொடங்கினார். வைத்த பெயர் 'சமார்'. வட இந்தியாவில் தோல் தொழில் செய்யும் தலித் சாதியின் பெயர், வசையாகவும் வீசப்படுவது. இழிவுபடுத்தும் நோக்கில் ஒருவரை அப்படி அழைப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்று 2008இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அந்தச் சொல்லைத்தான் விலையுயர்ந்த பையின் மேல் அச்சிட்டார்கள். வாங்குகிறவர் அதை மரியாதையோடு உச்சரித்தே ஆகவேண்டும். 2024இல் மயாமி வடிவமைப்புக் கண்காட்சிக்கு இவர்களுடைய நாற்காலிகள் போயின. பாடகி ரிஹானா அவற்றோடு இருக்கும் படம் உலகெங்கும் பரவியது.

நல்ல வணிகப் பெயர் சுருக்கமாக இருக்கும், ஒருமுறை கேட்டாலே மனதில் தங்கும், இன்னொருவர் பொருளோடு குழம்பாது. கேமரா தயாரித்த ஈஸ்ட்மன் 1888இல் 'கோடக்' என்று பொருளே இல்லாத சொல்லை உருவாக்கியது இதற்காகத்தான். 'அசல் தோல் பை' என்பது போல் சரக்கை வர்ணிக்க மட்டும் செய்யும் பெயரை 1999 வணிகக்குறிச் சட்டம் எளிதில் பதிவுசெய்ய விடாது. அந்த வார்த்தைகள் எல்லா வியாபாரிக்கும் வேண்டுமே! நெடுநாள் புழக்கத்தில் தனி அடையாளம் பெற்றுவிட்டால் மட்டும் விதிவிலக்கு உண்டு. மாட்டுங்காவின் கஃபே மெட்ராஸ் உணவகம் வெறும் ஊர்ப்பெயரில்தான் 1940 முதல் நடக்கிறது. அந்தப் பெயருக்குப் பலம் சேர்த்தது ருசி.

எனக்கு 'சமார்' பெரிய துணிச்சலாகவே படுகிறது. ஆனால் பையைச் செய்யும் கைகளுக்குக் கூலியும் பெருமையும் சேராமல் வேறொருவர் அதே சொல்லை எடுத்தால் அது சுரண்டல்.

தாராவியில் யாராவது சொந்தப் பெயரில் பை விற்க நினைத்தால், முதலில் வணிகக்குறிப் பதிவகத்தின் இணையதளத்தில் அந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடட்டும், கட்டணமில்லை. தோல் பை 18ஆம் வகுப்பு, செருப்பு 25ஆம் வகுப்பு, இரண்டும் வேண்டுமென்றால் இரண்டு வகுப்புகளையும் குறிப்பிட்டுக் கேட்கவேண்டும். பதிவு 10 ஆண்டு நிற்கும், பிறகு புதுப்பிக்கலாம். மும்பைப் பதிவகம் ஆண்டாப் ஹில்லில், மாட்டுங்காவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.