தூசி தட்டுதல்

ஒரு மாவட்ட அருங்காட்சியகத்தில் செப்புத் திருமேனிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். துப்புரவுப் பணியாளர் ஒருவர் பழந்துணியால் பீடங்களைத் தட்டிக்கொண்டே வந்தார். சன்னல் வெயிலில் எழும்பிய தூசி அடுத்த சிலைமேல் மெல்ல இறங்கியது. 'தட்டத் தட்ட வந்துக்கிட்டேதான் இருக்கும் சார். நீங்கல்லாம் வர்றீங்கல்ல' என்றார்.

கேலிதான். ஆனால் துல்லியம். அருங்காட்சியகம் பற்றிய நம் சொல்லாடலில் தூசி எப்போதும் 'வெளி'யிலிருந்து வருவது: தெருப் புழுதி, வண்டிப் புகை. காட்சிக்கூடத்தில் படிவதில் கணிசமான பங்கு பார்வையாளரின் ஆடை இழை, உதிர்ந்த தோல், செருப்பு சுமந்துவரும் மண். நடைபாதையை ஒட்டி நிற்கும் பொருளில் அதிகம் படியும். தள்ளி நிற்பதில் குறையும். சிஸ்டைன் சிற்றாலயக் கூட்டத்தின் மூச்சையும் தூசியையும் சமாளிக்க 2014இல் புதிய காற்றுச் சீரமைப்பு பொருத்த வேண்டியதாயிற்று.

தூசியை வெறும் அழுக்கு என்று விட்டுவிட முடியாது. அது ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டும்போது துகளிலுள்ள சுண்ணாம்புச் சத்து கரைந்து, மறுபடி நுண்படிகமாக இறுகி, தூசியைப் பரப்போடு சிமெண்டு வைத்தாற்போல ஒட்டிவிடுகிறது. கடலோர ஊரென்றால் உப்பும் சேரும். குளோரைடும் ஈரமும் கூடினால் வெண்கலத்தில் பச்சைப் பொடியாக அரிப்பு கிளம்பும். சரி, துடைத்துவிடலாமே? மணலிலுள்ள குவார்ட்ஸ் வெண்கலத்தைவிடக் கடினம். துணியால் அழுத்தித் துடைப்பது உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதுதான். மென்தூரிகையால் தள்ளி உறிஞ்சுகுழாயின் வாயில் சேர்ப்பதே முறை. தட்டினால் தூசி இடம் மாறும், அவ்வளவே.

கோயிலில் அபிஷேகத்தால் முகம் தேய்ந்த உற்சவரை யாரும் 'சேதம்' என்பதில்லை. காட்சிப்பொருள் ஆனபிறகுதான் இந்தக் கணக்கெல்லாம். மார்செல் துஷாம் தன் 'பெரிய கண்ணாடி'மீது தூசியை மாதக்கணக்கில் படியவிட்டார். 1920இல் மான் ரே அதைப் புகைப்படமெடுத்தார். பிறகு ஒரு பகுதித் தூசியை துஷாம் வார்னிஷ் இட்டு நிலைநிறுத்தினார். ஃபிலடெல்ஃபியா அருங்காட்சியகத்தில் அந்தத் தூசி இன்று பாதுகாக்கப்படுகிறது. கையெழுத்துள்ள தூசி!

நம் பணியாளரின் தூசிக்கு அந்த யோகமில்லை. அவரிடம் தூரிகை இல்லை, முகமூடி இல்லை. ஆயிரம் ஆண்டு வெண்கலத்தின் மேற்பரப்பைத் தினமும் தொடுகிற ஒரே கை அவருடையது. பாதுகாப்பியல் பற்றி அவரிடம் பேசியவர் எவருமில்லை. உறிஞ்சுகுழாய் பற்றி நான் விளக்கியதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: 'அதெல்லாம் அப்புறம் சார். மொதல்ல இந்தத் துணிய மாத்தித் தரச் சொல்லுங்க.'