பிரேக் பெடலில் ஒரு துளை

கல்முனை, நிந்தவூர்ப் பக்கங்களில், வாப்பா ஓட்டிய பெட்போர்ட் லொறியை ஞாபகச் சின்னமாகக் காத்துவரும் ஒருவர், பாரத்தோடு பிரேக்கை மிதித்து முழங்கால் ஓய்ந்துபோய், "பூஸ்டர் ஒன்றைப் பூட்டிவிடுங்கள், பாஸ்" என்று கராஜில் சொல்லும்போது, தாம் கேட்பது வெறும் சௌகரியமன்று, லொறியின் உயிர்நிலையிலேயே ஒரு மாற்றம் என்பதை அறிந்திருத்தல் அவசியம்.

பூஸ்டர் இல்லாத பெடல், பாதத்தின் பலத்தைச் சுமார் 6 மடங்காக்கி மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளும். பூஸ்டரின் துணைபலம் சேரும்போது பிரேக் வெடுக்கெனப் பற்றாதிருக்கும்பொருட்டு, தள்ளுகோல் பூட்டும் துளையை அச்சைவிட்டு விலக்கி, அவ்விகிதத்தைச் சுமார் 4 ஆகக் குறைப்பார்கள். அது முறையான வேலைதான். ஆயினும் முன்பு 240 கிலோ விசையாக இறங்கிய அதே மிதி, பூஸ்டர் செயலற்ற கணத்தில் 160 கிலோவாகவே இறங்கும். பூஸ்டர் போனாலும் பழைய பிரேக் இருக்கிறதே என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை.

இதனினும் நான் அஞ்சுவது வேறொன்று. பெற்றோல் எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது எழும் வெற்றிடமே பூஸ்டரின் சக்தி. டீசல் எஞ்சினுக்கு மாறிய லொறியில் அது போதிய அளவில் எழாது. தனியே வெற்றிடப் பம்பு வைக்காவிடில் அந்தப் பூஸ்டர் வெறும் தகரப் பேழையே. சமதரையான நம் கரையோரத்தில் உறங்கிக் கிடக்கும் இக்குறை, மகியங்கனை–கண்டி வீதியின் பதினெட்டு வளைவில் இறங்கும்போதுதான் விழிக்கும். ஆகையால் எஞ்சினை நிறுத்திப் பெடலை ஐந்தாறு முறை மிதித்து, மிதித்த கால் மிதித்தபடியே இருக்க எஞ்சினை இயக்கிப் பாருங்கள். கால் சற்றே கீழிறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. தள்ளுகோலுக்கும் பிஸ்டனுக்கும் இடையே சிறு இடைவெளி விட்டிருக்கிறதா என்றும் கேளுங்கள். அது இல்லையேல் எண்ணெய் திரும்ப வழியின்றி, பிரேக் விடாமல் உரசிச் சூடேறும்.

பணம் பெற்றுச் செய்யும் சேவை தகுந்த கவனத்தோடும் திறமையோடும் அமையவேண்டுமென்பது, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் நமக்களித்த உரிமை. ஆனால் "பிரேக் வேலை" என்று இரண்டே வார்த்தை எழுதிய துண்டுக் கடதாசியைக் கொண்டு எதை நிரூபிப்பது? துளை எவ்வளவு நகர்ந்தது, பெடலில் வெல்டிங் நடந்ததா, எந்தப் பூஸ்டர், எந்தப் பம்பு என்பதெல்லாம் பற்றுச்சீட்டில் வரவேண்டும். மாற்றத்தைக் காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள். எஞ்சின் மாறியிருந்தால் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவிலும் அது மாறவேண்டும். தகுதிச் சான்றிதழுக்குப் போகுமுன் பிரேக்கைப் பாரத்தோடு சோதித்துவிடுங்கள். வேலையில் குறை கண்டால், சேவை பெற்ற 3 மாதங்களுக்குள் அதிகார சபைக்கு எழுத்து மூலம் முறையிட வேண்டும். வழி கேட்க 1977 என்ற தொலைபேசி இலக்கம் உண்டு.