மேல்வளியில் தூசுப் பிளாஸ்மா

எலெக்ட்ரான்களும் அயனிகளும் விரவிய வாயுநிலைக்குப் பிளாஸ்மா என 1928-ஆம் ஆண்டில் பெயரிட்டவர் இர்விங் லாங்முயர் ஆவார். அதனுள் மின்னேற்றம் பெற்ற நுண்துகள்களும் கலந்திருப்பின் அது தூசுப் பிளாஸ்மா எனப்படும். துருவப் பகுதிகளின் கோடையில், 80 முதல் 90 கி.மீ. உயரத்தே காணப்படும் நிலைக்கு இப்பெயர் பொருந்துமா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் பொருள்.

‘தூசு’ என்னும் சொல் பயில்வோரை மயக்கக்கூடும். இங்குத் தூசாவது மண் அன்று, பனிக்கட்டித் துகளே. எரிமீன்கள் எரிந்து விட்டுச்சென்ற நுண்புகை, நீராவி உறைதற்குக் கருவாகிறது என்பது பெரும்பாலோர் கொள்கை. அவ்வுயரத்தில் மாரியினும் கோடையே கடுங்குளிர் உடையது. மேலெழும் காற்று விரிந்து வெப்பம் இழத்தலால், சுழிக்குக் கீழ் 140 பாகை செல்சியஸ் வரை குளிர்ச்சி மிகும். பருத்த துகள்கள், அடிவானின்கீழ் மறைந்த ஞாயிற்றின் ஒளியைச் சிதறி முகில்களாகத் தோன்றுகின்றன. ஐரோப்பியர் இவற்றை 1885-இல் குறித்தனர். ‘இரவொளிர் முகில்’ என்பது தன்னொளி உடைமையைச் சுட்டுமாதலின், ‘இரவில் ஒளிபெறு முகில்’ என்பதே ஏற்புடைத்தென நாம் கருதுகிறோம்.

அலாஸ்காவின் போக்கர் பிளாட்டில் ஏறத்தாழ 50 மெகாஹெர்ட்ஸ் அலைகளை ஏவிய ராடார், இவ்வடுக்கிலிருந்து கோடையில் மிக வலிய எதிரலைகளைப் பெற்றது. எக்லண்டும் பால்ஸ்லியும் இதனை 1981-இல் வெளியிட்டனர். ஆறு மீட்டர் நீள அலை இங்ஙனம் மீள வேண்டுமாயின், எலெக்ட்ரான் செறிவில் மூன்று மீட்டர் இடைவெளியில் ஏற்றத்தாழ்வுகள் இருத்தல் வேண்டும். அத்துணைச் சிறிய வேறுபாடுகளோ அவ்வுயரத்தில் நொடிப்பொழுதில் கலைந்துவிடற்பாலன. அவை நிலைபெறுதல் எவ்வாறு? இதுவே நெடுநாள் புதிராக இருந்தது.

விடை துகள்களிடத்தே உள்ளது. எலெக்ட்ரான்கள் துகள்களில் ஒட்டிக்கொள்கின்றன. துகள்கள் பருத்தன, ஆதலின் மெல்லவே பரவுவன. எஞ்சிய எலெக்ட்ரான்களும் அயனிகளும் மின்விசையால் அவற்றோடு பிணிப்புற்று, தம் விரைவை இழக்கின்றன. 1994-இல் நார்வேயின் ஆண்டோயாவிலிருந்து ஏவப்பட்ட ராக்கெட்டுகள் மின்னேறிய துகள்களை நேரே கண்டறிந்தன. 1999-இல் திராம்சோவில் வன்மைமிக்க வானொலி அலைகளால் எலெக்ட்ரான்களைச் சூடேற்றியபோது எதிரலை தளர்ந்தது. சூடேற்றலை நிறுத்திய அளவிலே மீண்டது. சூடுற்ற எலெக்ட்ரான்கள் விரைந்து பரவி ஏற்றத்தாழ்வுகளை அழித்தமையே காரணம். இம்மறுதலைச் சோதனை, ராக்கெட் சான்றினும் நமக்கு உறுதி பயப்பது.

இனிப் பெயர்ப் பொருத்தம். துகள்களின் இடைத்தொலைவு ஏறத்தாழ ஓரிரு மில்லிமீட்டர். ஒரு மின்னேற்றத்தின் விசை சென்று தாக்கும் எல்லையாகிய டிபை நீளம் அதனினும் பெரிது. ஆகலின் துகள்கள் தனித்தனி நில்லாது கூட்டாகவே வினைபுரிகின்றன. தூசுப் பிளாஸ்மா என்னும் பெயர் தகும். ஆயினும், 1994-இல் ஆய்வுக்கூடங்களில் கண்ட பிளாஸ்மாப் படிகங்களை இங்கு எதிர்பார்த்தல் பிழை. அங்கு ஒரு துகள் ஆயிரக்கணக்கான எலெக்ட்ரான்களைத் தாங்கும். இங்கோ பெரும்பாலும் ஒன்றிரண்டே.